கஹ்வா, காப்பி, கோப்பி: பினாங்குத் தீவின் கோப்பிக்கடையும் ஒரே கோப்பையின் மரபும்

மலேசியாவின் வடமேற்குக் கரையை ஒட்டிய பினாங்குத் தீவு, நம்மவர் விடுமுறைக்குச் சென்றுவரும் இடங்களுள் ஒன்றாகிவிட்டது. கொங்கு மண்டலத்தில் பின்னலாடைத் தொழிலும் வணிகமும் தந்த வசதியால், ஒரு தலைமுறைக்கு முன்பு பழநிக்கும் நாகூருக்கும் அப்பால் சென்றறியாத குடும்பங்களும் இன்று கடல் கடந்து செல்கின்றன. அவ்வாறு செல்வோர் திரும்பி வந்து கூறும் குறைகளுள் ஒன்று காப்பியைப் பற்றியது. கடையில் அமர்ந்து “காப்பி” என்று கேட்டால், தடித்த பீங்கான் கோப்பையில் கன்னங்கரேலென்று ஒரு பானம் வருகிறது. அதன் அடியில் இனிப்பான கெட்டிப்பால் கரையாமல் படிந்திருக்கிறது. பசும்பாலின் மணமும் இல்லை, நுரையும் இல்லை. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லவும் சொல் தெரிவதில்லை. “அந்த ஊரில் காப்பி சரியில்லை” என்ற முடிவோடு அவர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

இம்முடிவு பொருத்தமானதன்று என்பதே இக்கட்டுரையின் முதற்கூற்று. பினாங்கின் கோப்பிக்குத் தனி இலக்கணம் உண்டு, அதைக் கேட்பதற்குத் தனிச் சொற்களும் உண்டு. அவ்விலக்கணத்தை உருவாக்கியவர்களுள் தமிழ் முஸ்லிம்களும் அடங்குவர். அதைவிடச் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. காப்பியின் ஐந்நூறு ஆண்டுக்கால வரலாறு சுவையின் வரலாறு மட்டுமன்று. யார் யாரோடு அமர்ந்து எந்தப் பாத்திரத்தில் அருந்தலாம் என்ற வினாவின் வரலாறும் ஆகும். அரபு நாட்டின் கஹ்வா, தமிழகத்தின் காப்பி, பினாங்கின் கோப்பி என்னும் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதே அவ்வினா தெளிவாகிறது.

சொல் வந்த வழி

‘கஹ்வா’ என்ற அரபுச் சொல் காப்பிக்கென்று பிறந்ததன்று. பழைய அரபுக் கவிதைகளில் அது மதுவைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்றாக வழங்கியது. பசியை அல்லது விருப்பத்தைத் தணித்தல் என்பது அதன் வேர்ப்பொருள் என மொழிநூலார் விளக்குவர். உணவின் மீதான நாட்டத்தை மது குறைப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. பின்னர் உறக்கத்தின் மீதான நாட்டத்தைக் குறைக்கும் புதிய பானத்திற்கும் அதே பெயர் மாறி வந்தது. காப்பிக் கொட்டையை அரபுகள் ‘புன்’ என்பர். கொட்டையின் மேலோட்டை மட்டும் காய்ச்சி, பெரும்பாலும் இஞ்சி சேர்த்து அருந்தும் பானம் ‘கிஷ்ர்’ எனப்படும். யமனில் இன்றும் அது விருப்பத்திற்குரியது.

கஹ்வா துருக்கியில் ‘கஹ்வே’ ஆயிற்று. அதிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. டச்சு மொழியில் ‘கோஃபி’ என்று நின்ற சொல், டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளின் வழியே மலாய் மொழியில் ‘கோப்பி’ ஆனது. இலங்கைத் தமிழரும் மலேசியத் தமிழரும் இன்றும் ‘கோப்பி’ என்றே வழங்குகின்றனர். நாமோ ஆங்கிலத்தின் வழியே வந்த ‘காப்பி’யை ஏற்றுக்கொண்டோம். பினாங்குத் தமிழர் ‘கோப்பி’ என்பதைப் பிழையான உச்சரிப்பு என்று கருத வேண்டியதில்லை. ஒரே அரபுச் சொல் இரண்டு கடல்வழிகளில் பயணம் செய்து தமிழுக்குள் இருமுறை நுழைந்திருக்கிறது.

திக்ரு வட்டத்தின் செம்மண் கலயம்

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பிய மலைநாடு. அதைக் காய்ச்சிப் பருகும் வழக்கம் உறுதியான சான்றுகளோடு நமக்குத் தென்படுவது 15ஆம் நூற்றாண்டு யமனில், அதுவும் ஸூஃபிகளின் தங்குமிடங்களில். ஏடன் நகரின் மார்க்க அறிஞர் ஜமாலுத்தீன் அத்தப்ஹானீ இப்பழக்கத்தைப் பரப்பினார் என்பது ஒரு செய்தி. மோக்கா துறைமுகத்தில் அடங்கியிருக்கும் அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ (ரஹ்) அவர்களோடு அதைத் தொடர்புபடுத்துவது மற்றொரு மரபு. அல்ஜீரியாவில் காப்பிக்கு ‘ஷாதுலிய்யா’ என்ற பெயரே வழங்கியது. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்காவோடு உறவுடைய நம் வாசகர்களுக்கு இப்பெயர் அந்நியமானதன்று.

16ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்ஜஸீரீ என்னும் ஹன்பலி அறிஞர், ‘உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா’ என்ற பெயரில் காப்பி ஆகுமானது என நிறுவுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். காப்பியின் தொடக்க வரலாற்றை நாம் அறிவது பெரிதும் இந்நூலால்தான். அல்அஸ்ஹர் வளாகத்தில் யமன் நாட்டு ஸூஃபிகள் திங்கள், வெள்ளிக்கிழமை இரவுகளில் கூடிய காட்சியை அது பதிவு செய்கிறது. செம்மண்ணால் ஆன பெரிய கலயத்தில் கஹ்வா நிறைக்கப்பட்டிருக்கும். அவர்களின் தலைவர் சிறிய அகப்பையால் முகந்து, வலப்புறம் இருப்பவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் அளிப்பார். அனைவரும் கலிமாவை முழங்கி திக்ரு செய்துகொண்டிருப்பர். அங்கு வந்திருந்த பொதுமக்களும் அதில் பங்குபெற்றனர்.

இக்காட்சியில் இரண்டு நுட்பங்கள் கவனத்திற்குரியவை. முதலாவது, வலப்புறமாகச் சுற்றி வருதல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பால் கொடுக்கப்பட்டபோது, இடப்புறம் அபூபக்கர் (ரலி) இருந்தும் வலப்புறம் இருந்த நாட்டுப்புற அரபிக்கே முதலில் அதை அளித்தார்கள் என்ற நிகழ்ச்சி நாம் நன்கறிந்தது. தகுதியின் வரிசையை விட இருக்கையின் வரிசை அங்கே முன் நின்றது. இரண்டாவது, ஒரே கலயமும் ஒரே அகப்பையும். ஒருவர் வாய்பட்டதை மற்றவர் பருகத் தயங்காத ஒரு சமூகத்தில்தான் இந்த வழக்கம் தோன்ற முடியும்.

அத்தயக்கத்தை நீக்கியது ஃபிக்ஹு என்னும் சட்டக்கலை. ‘ஸுஃர்’ அதாவது குடித்து மீந்த நீர் பற்றிய பாடத்தை அரபுக் கல்லூரி மாணவர் தம் தொடக்க ஆண்டுகளிலேயே ஓதிவிடுகிறார். ஹனஃபீ மத்ஹபின் தொடக்கப் பாடநூலான ‘நூருல் ஈழாஹ்’ தூய்மை பற்றிய பகுதியிலேயே இதனைப் பேசுகிறது. மனிதர் குடித்து மீந்த நீர் தூய்மையானது. வாயில் அசுத்தம் ஏதும் படிந்திராத வரையில், குடித்தவர் முஸ்லிமா அல்லரா, தொழுகைக்குரிய தூய்மையுடன் இருந்தாரா இல்லையா என்பது அதன் தூய்மையைப் பாதிப்பதில்லை. மாதவிலக்கின்போது ஆயிஷா (ரலி) வாய் வைத்து அருந்திய அதே இடத்தில் நபிகளார் (ஸல்) வாய் வைத்து அருந்தியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. எச்சில் என்பது தீட்டன்று என்னும் இச்சட்டம் பாடநூலின் ஓர் ஓரத்தில் இருப்பது போல் தோன்றினாலும், அதன் சமூக விளைவு மிகப் பெரிது.

மக்காவின் வழக்கு

ஹிஜ்ரி 917 (கி.பி. 1511) ஆண்டில் மக்காவில் காப்பி வழக்கு மன்றம் ஏறியது. மம்லூக் அரசின் சார்பில் அங்கே சந்தைகளையும் ஒழுங்கையும் கண்காணித்த காயிர் பே என்னும் அதிகாரி, ஹரம் ஷரீஃபின் அருகே இரவில் சிலர் கூடி ஒரு பானத்தைக் கைமாற்றி அருந்துவதைக் கண்டார். மறுநாள் மார்க்க அறிஞர்களைக் கூட்டினார். அப்பானம் உடலுக்குக் கேடு செய்யும் என இரு மருத்துவர்கள் சாட்சி கூறினர். தடை விதிக்கப்பட்டது, காப்பிக் கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. எனினும் கெய்ரோவிலிருந்த சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரியின் அரசு அனுப்பிய ஆணை, காயிர் பே எதிர்பார்த்த அளவுக்குச் செல்லவில்லை. ஒழுங்கீனமான கூட்டங்களை அது கண்டித்ததே தவிர, பானத்தை முற்றாக விலக்கவில்லை. அடுத்த ஆண்டே காயிர் பே பதவியிலிருந்து மாற்றப்பட்டார். மக்கள் மீண்டும் காப்பி அருந்தினர்.

காப்பி மயக்கம் தருவதா என்ற வினா விரைவில் அடங்கிவிட்டது. அதை அருந்தியவர் தெளிவோடு தொழுததை அனைவரும் கண்டனர். விலக்குவதற்குச் சான்று இல்லாத பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவையே என்னும் விதி காப்பியின் பக்கம் நின்றது. அடங்காமல் நீடித்தது மற்றொரு வினா. காப்பிக்காகக் கூடும் இடத்தில் வணிகரும் கூலியாளும் அறிஞரும் போர்வீரரும் ஒன்றாக அமர்கிறார்கள். அரசைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆட்சியாளர்களை உறுத்தியது இதுவே. 1550களில் அலெப்போவைச் சேர்ந்த ஹகம், டமாஸ்கஸைச் சேர்ந்த ஷம்ஸ் என்னும் இருவர் இஸ்தான்புல் நகரில் காப்பியகங்களைத் திறந்தனர் என உஸ்மானிய வரலாற்றாசிரியர் பெச்செவீ எழுதுகிறார். 1633-இல் நான்காம் முராத் அவற்றை மூடச் செய்தார். அத்தடையும் நிலைக்கவில்லை.

இக்காப்பியகங்களை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. அங்கே பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. சூதும் வீண்பேச்சும் நடந்தன என்று கண்டித்த அறிஞர்களின் குறைகளில் உண்மையும் இருந்தது. ஆயினும் குலத்தின் பெயரால் தனிக் கோப்பை வைத்த காப்பியகம் என்று எவரும் குறை எழுதியதாகக் காணோம்.

ஏழு கொட்டைகளும் நம் மலைகளும்

இந்தியாவுக்குக் காப்பி வந்த கதை பாபா புதன் என்னும் ஸூஃபிப் பெரியாரோடு பிணைந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் பயணத்திலிருந்து திரும்பிய அவர், யமனிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அம்மலை இன்றும் பாபா புதன்கிரி எனப்படுகிறது. அங்குள்ள குகைத்தலம் முஸ்லிம்களும் இந்துக்களும் நாடும் இடமாக நெடுங்காலம் விளங்கியது. பிற்காலத்தில் வழக்குகளுக்கும் உள்ளாயிற்று. 1690களில் டச்சுக்காரர் மலபார்க் கரையிலிருந்து காப்பி நாற்றுகளை ஜாவாவுக்குக் கொண்டுசென்றனர். கிழக்காசியத் தீவுகளின் காப்பித் தோட்டங்களுக்கு அதுவே வித்து. ஆகவே பினாங்கின் கோப்பிக்கும் நம் நாட்டுக் காப்பிக்கும் உள்ள உறவு வெறும் பெயரளவினதன்று.

இலங்கையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காப்பித் தோட்டங்கள் மலைநாட்டை நிறைத்தன. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் அவற்றில் உழைத்தனர். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தமிழகத்தில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பியை அறிமுகம் செய்தார். நீலகிரியிலும் ஆனைமலையிலும் பழநி மலையிலும் அது பரவியது.

மடத்துக்குளத்தில் வாழும் நமக்கு இம்மலைகள் அயலானவை அல்ல. 2009-இல் உருவான திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டைக்கும் பழநிக்கும் இடையே அமராவதி ஆற்றின் கரையில் அமைந்தது இவ்வூர். தென்மேற்கே ஆனைமலைத் தொடர். அதில் வால்பாறைப் பகுதியின் தோட்டங்கள். தென்கிழக்கே பழநி மலைத் தொடர். அதில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் தாண்டிக்குடி. இரண்டு காப்பி மலைகளின் இடையே வாழ்ந்தும், காப்பியைப் பற்றி நாம் அறிந்தது குறைவு.

டம்ளரும் டபராவும், இரட்டைக் குவளையும்

தமிழகத்தில் காப்பி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகர நடுத்தர வர்க்கத்தின் பானமாக வேரூன்றியது. பழைய சோற்றுக்கும் நீராகாரத்திற்கும் பதிலாகக் காலையில் காப்பி வந்தபோது அதைக் கேடென்று சாடியவர் பலர். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் இம்மாற்றத்தைச் சுவைபட ஆராய்ந்துள்ளது. பித்தளை வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷன், சுண்டக் காய்ச்சிய பால், சிக்கரிக் கலவை ஆகியவை சேர்ந்து தமிழகத்திற்கே உரிய ஒரு காப்பியை உருவாக்கின. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது இந்திய உணவுச் சட்டத்தின் விதி.

டம்ளரும் டபராவும் சூட்டை ஆற்றுவதற்கான கருவிகள் என்று மட்டும் கொள்வோர் உண்டு. விளிம்பு மடிந்த டம்ளரை உதட்டில் படாமல் உயர்த்தி, அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் பழக்கமும் அவற்றோடு இணைந்தது. எச்சில் தீட்டு என்ற எண்ணமே அப்பழக்கத்தின் அடிப்படை. செம்மண் கலயத்தைச் சுற்றி அமர்ந்த திக்ரு வட்டத்தில் தோன்றிய பானம், இங்கே வாய் படாமல் குடிக்க வேண்டிய பானமாக மாறியது.

கடைகளில் பிரிவினை இன்னும் வெளிப்படையாக நின்றது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கெனத் தனி இடம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் எழுப்பிய எதிர்ப்பால் 1941-இல் அது நீங்கியது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல்லைத் தாங்கிய ஒரு காப்பிக்கடையின் முன்பு பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தனர். காப்பிக்கடை எவருடைய இடம் என்ற வினாவே அப்போராட்டங்களின் உட்பொருள். மக்காவில் கேட்கப்பட்ட அதே வினா, இங்கே தலைகீழாக நின்றது. அங்கே பலரும் கூடுவது குற்றமாகத் தோன்றியது. இங்கே பலரும் கூட முடியாமலிருப்பது குற்றம் என்று உணர்த்தப் போராட வேண்டியிருந்தது.

கிராமங்களில் நிலை மேலும் கொடிது. கொங்கு வட்டாரம் உள்ளிட்ட தமிழகத்தின் பல பகுதிகளில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்தது பலமுறை வெளிக்கொணரப்பட்டுள்ளது. தலித் மக்களுக்குத் தனிக் குவளை, அதையும் குடித்தபின் அவர்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் அமரவும் இயலாது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்து, 1955-லும் 1989-லும் தண்டனைச் சட்டங்கள் வந்த பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது. பிற்காலத்தில் தூக்கி எறியும் கோப்பைகள் வந்தன. சில கடைகளில் ஒரு சாராருக்கு மட்டும் அக்கோப்பையில் ஊற்றித் தந்ததால், பழைய வேறுபாடு சுகாதாரத்தின் போர்வையை அணிந்துகொண்டது.

நம் வட்டாரத்தின் கடைகளுக்கும் தனிச் சொற்கள் உண்டு என்பதை இங்கே நினைவூட்டலாம். பால் சேராதது வரக்காப்பி. கடுப்பாக வேண்டுவோர் ‘ஸ்ட்ராங்கா’ என்பர். ‘சக்கரை கம்மி’, ‘சக்கரை இல்லாம’ என்று அளவு சொல்வர். சுக்குக் காப்பியில் காப்பித்தூள் இல்லாமலேயே அப்பெயர் நிலைத்துவிட்டது. வெளியூரார் ஒருவர் வந்து இச்சொற்கள் அறியாமல் திகைத்தால், கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுத் தெளிவார். அப்பொறுமையை நாம் அயலூரில் எதிர்பார்ப்பது போல, அவ்வூரின் சொற்களைக் கற்கும் பொறுமை நம்மிடமும் இருக்க வேண்டும்.

பினாங்கில் கோப்பி கேட்கும் முறை

1786-இல் ஃபிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்ட நாள்முதல், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகரும் கப்பல் தொழிலாளரும் அத்துறைமுகத்தின் வாழ்வில் கலந்தனர். ‘சூலியா’ என்று அறியப்பட்ட அவர்களின் பெயரால் ஜார்ஜ் டவுன் நகரில் இன்றும் ஒரு தெரு உண்டு. அவர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் காலத்தில், 1801-இல் கம்பெனி அளித்த நிலத்தில் எழுந்தது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அருகிலேயே சூலியா தெருவில், நாகூர் ஷாகுல் ஹமீது (ரஹ்) அவர்களின் நினைவாக எழுப்பப்பட்ட நாகூர் தர்கா உள்ளது. பின்னாளில் கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்தும் மக்கள் சென்றனர். தோளில் காவடி போன்ற தண்டு சுமந்து சோறும் கறியும் விற்றவர்களால் ‘நாசி கண்டார்’ என்னும் உணவு பிறந்தது. 2008-இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

அங்கே கோப்பி அருந்த இருவகைக் கடைகள் உண்டு. ஒன்று சீனர்களின், குறிப்பாக ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின், ‘கோப்பித்தியாம்’. மற்றொன்று தமிழ் முஸ்லிம்களின் ‘மாமாக்’ கடை. ‘மாமா’ என்னும் தமிழ் உறவுச்சொல்லே ‘மாமாக்’ ஆயிற்று. மரபான கோப்பிக் கொட்டை சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருகும் பதத்தில் வறுக்கப்படுகிறது. கருமையும் கருகிய இனிப்பு மணமும் அதனால் வருபவை. தூளை நீண்ட துணிப்பையில் இட்டு வெந்நீர் ஊற்றி வடிப்பர். கறவை மாடுகள் அரிதாயிருந்த துறைமுகத்தில் டின்னில் அடைத்த பாலே கைக்கு எட்டியது. அதனால் அடியில் படிந்திருக்கும் கெட்டிப்பால் கடைக்காரரின் கவனக்குறைவன்று. கரண்டியால் கலக்கிக் குடிக்க வேண்டியது அது.

கேட்கும் சொற்கள் இவை. ‘கோப்பி’ என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் சேர்ந்த இனிப்புக் கோப்பி வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாத, சர்க்கரை சேர்ந்த கருங்கோப்பி; ‘ஓ’ என்பது ஹொக்கியன் சீனத்தில் கருமை. சர்க்கரையும் வேண்டாதவர் ‘கோப்பி ஓ கோசோங்’ என்பர். ‘கோசோங்’ மலாய் மொழியில் வெறுமை. ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் தனியே சர்க்கரையும். நம் நாக்குக்கு ஓரளவு நெருங்கி வருவது இதுவே. இனிப்பைக் குறைக்க ‘கூராங் மானிஸ்’. கடுப்பைக் கூட்ட ‘காவ்’. பனிக்கட்டி வேண்டின் ‘ஐஸ்’ அல்லது ‘பெங்’. கோப்பியும் தேநீரும் கலந்தது ‘சாம்’. எடுத்துச்செல்ல ‘புங்குஸ்’. வரக்காப்பிக்குப் பழகிய நம் வட்டாரத்தார் ‘கோப்பி ஓ கூராங் மானிஸ்’ என்று கேட்டால் ஏமாற்றம் அடையார்.

‘தாரிக்’ என்னும் சொல்லைத் தனியே எடுத்துக் கூற வேண்டும். ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு உயரத் தூக்கி ஊற்றி நுரை எழுப்பிய தேநீர் ‘தே தாரிக்’. கோப்பியாயின் ‘கோப்பி தாரிக்’. மலாயில் ‘தாரிக்’ என்றால் இழுத்தல். நம் கடைகளில் ‘ஆற்றுதல்’ என்று வழங்கும் கைத்திறன்தான் அது. அதைத் தமிழ் முஸ்லிம்களே அங்கே பரப்பினர் என்பது பொதுவான கருத்து. இன்று மலேசியா தன் தேசியப் பானமாகப் பெருமை கொள்ளும் ஒன்றின் பின்னே தமிழ்க் கை இருக்கிறது.

அக்கோப்பிச் சொற்களைத் திரும்ப நோக்கினால் மலாயும் சீனமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து நிற்பது தெரியும். பல இனத்தார் ஒரே கடையில் நின்று கேட்டதால் மட்டுமே இப்படியொரு பேச்சு உருவாகியிருக்க முடியும். கோப்பி கேட்கும் மொழியே அக்கடையின் சமூக வரலாறாகவும் இருக்கிறது.

மாமாக் கடையின் பந்தி

மாமாக் கடைகளில் பல இரவு முழுதும் திறந்திருக்கும். ஹலால் உணவு என்பதால் மலாய்க்காரர் தயங்காமல் வருவர். சீனரும் தமிழ் இந்துக்களும் அதே மேசைகளில் அமர்வர். இன அரசியல் கடுமையாக உள்ள நாட்டில் இக்கடைகள் பொது இடங்களாக நிற்கின்றன என்று மலேசியர்களே பெருமையோடு கூறுவர். ஹலால் என்பது பிரிவினைக்கான வேலி என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஹலால் விதி உணவில் விலக்கு வைக்கிறது. உண்ணும் மனிதரில் விலக்கு வைப்பதில்லை. சமையற்கட்டில் விதியைக் காத்ததாலேயே மேசையை எல்லோருக்கும் திறந்துவிட முடிந்தது. ஒரே கோப்பை கழுவப்பட்டு மலாய்க்காரரிடமிருந்து சீனருக்கும், சீனரிடமிருந்து தமிழருக்கும் செல்கிறது. மனிதர் வாய்பட்டது தூய்மையே என்று பாடநூலில் ஓதிய சட்டம் அங்கே கடைவழக்கமாக வாழ்கிறது.

அங்கும் குறைகள் இல்லாமலில்லை. பல கடைகளில் இன்று உழைப்போர் தமிழகத்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் சென்றவர்கள். நீண்ட நேர வேலையும் குடும்பப் பிரிவும் அவர்கள் பங்கு. மேசையின் சமத்துவம் அடுப்படிவரை எட்டியிருக்கிறதா என்பது அங்குள்ள உரிமையாளர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நமக்குரிய பாடம்

பினாங்கு செல்வோருக்கு இவ்வரலாறு தரும் பாடம் எளிது. விருந்தினருக்குரிய அதபுகளுள் ஒன்று, தரப்பட்ட உணவைக் குறை கூறாதிருத்தல். பெருமானார் (ஸல்) ஒருபோதும் உணவைக் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். சென்ற ஊரில் நம் ஊர்க் காப்பியைத் தேடுவதை விட, அவ்வூரின் சொல்லால் அவ்வூரின் கோப்பியைக் கேட்டுப் பெறுவதே மேல். அச்சொற்களில் பாதி நம் உறவினரின் உழைப்பால் பிறந்தது என்று அறிந்தால் அக்கோப்பை இன்னும் இனிக்கும்.

ஊரில் இருப்போருக்கான பாடம் சற்றுக் கடினமானது. உடுமலை, பழநிச் சாலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தேநீர்க் கடை நடத்தும் முஸ்லிம்கள் உண்டு. இரட்டைக் குவளை வைக்காததை மட்டும் அவர்கள் பெருமையாகக் கருதினால் போதாது. ஊர்ப்பெரியோரின் மனம் கோணாமல் இருக்கவும் வாடிக்கை குறையாமல் இருக்கவும், சுற்றியுள்ள வழக்கத்திற்கு மௌனமாக இடம் கொடுக்கும் சோதனை எந்த வணிகருக்கும் வரக்கூடியது. இருக்கையை ஒருவருக்குக் காட்டி மற்றொருவருக்குக் காட்டாமலிருப்பதும், கண்ணாடிக் குவளையை ஒருவருக்கும் தாள் கோப்பையை மற்றொருவருக்கும் நீட்டுவதும் அவ்வழக்கத்தின் சிறிய வடிவங்களே. அத்தகைய கடையில் வாடிக்கையாளராக அமரும் நம்மில் எவரும் அதைக் கண்டும் காணாதவராகக் குடித்து எழுந்துவிடுவதும் அதற்கு ஒப்புதல் தருவதாகவே முடியும்.

கெய்ரோவின் செம்மண் கலயத்திலிருந்து முகந்து கொடுத்தவர், வலப்புறத்தில் இருப்பவர் யாரென்று கேட்கவில்லை. பினாங்கில் கோப்பி ஆற்றும் மாமாவும் கேட்பதில்லை. அந்த இருவருக்கும் பாடநூல் ஒன்றே. அதை ஓதியும் ஓதுவித்தும் வருகிற நாம், நம் சாலையோரக் கடைகளில் எல்லோர் கைக்கும் ஒரே குவளை செல்வதை உறுதி செய்ய வேண்டாமா?